சாட்சிக் கூண்டில் நிறுத்தப்படும் வீரர்

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் வந்துவிட்டால், சேலம் முதல் நாமக்கல் வரை நம் மஹல்லாக்களின் ஒலிபெருக்கிகளில் ஒரு பெயர் முழங்கும். ஹவில்தார் அப்துல் ஹமீது! கொடியேற்றியதும் பேச எழும் பெருமகனார், "எங்கள் நாட்டுப்பற்றை ஐயுறுவோரே, அப்துல் ஹமீதைப் பாருங்கள்!" என்று மேசையைத் தட்டுவார். கரவொலி எழும், மிட்டாய் வழங்கப்படும். அத்துடன் அந்த வீரரை அடுத்த ஆகஸ்டு வரை மறந்துவிடுவோம்.

இவ்வழக்கம் தவறு என்று கூறவே இதை எழுதுகிறேன். நம்மவர் சிலர் என்மீது சினம் கொள்ளலாம், கொள்ளட்டும்.

அந்த அப்துல் ஹமீது யார்? உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூர் கிராமத்துத் தையற்காரர் ஒருவரின் மகன். 1954-இல் படையில் சேர்ந்து, 1962 சீனப் போரையும் கண்டவர். 1965 செப்டம்பர் 10 அன்று, கேம் கரண் பகுதியில், சீமா கிராமத்தருகே, ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு பாட்டன் டாங்கிகளை எதிர்கொண்டார். அவ்வகைப் பீரங்கி சுடும்போது பின்புறம் தீயும் புழுதியும் கிளம்பிச் சுட்டவன் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சுட்டவுடன் இடம் மாறியாக வேண்டும்; மாறியவுடன் மீண்டும் சுட வேண்டும். அப்படி மாறி மாறிச் சுட்டுத்தான் அவர் வீழ்ந்தார். வயது 32. வீழ்த்திய டாங்கிகள் எத்தனை என்பதில் ஏடுகள் வேறுபடுகின்றன. நம் மேடைகளிலோ அவ்வெண்ணிக்கை ஆண்டுக்கொன்று கூடுகிறது!

அந்த மனிதர் நமக்கு நற்சான்றிதழ் வாங்கித் தரவா அந்த ஜீப்பில் ஏறினார்? சாட்சியை அழைப்பவன், தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பதை ஒப்புக்கொள்கிறான் அன்றோ? திருச்சியிலே, 1999 மே 29 அன்று கார்கில் போரில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்கு நினைவுச் சின்னம் உண்டு. அதைக் காட்டி எவரும் எதையும் மெய்ப்பிக்க முனைவதில்லை. ஊர் தன் பிள்ளையை நினைக்கிறது, அவ்வளவே. அந்த எளிய உரிமையை நாம் நம் வீரர்க்கு ஏன் மறுக்கிறோம்?

"காலம் அப்படி இருக்கிறதே, ஐயா! கேட்கிறார்களே, பதில் சொல்ல வேண்டாமா?" என்பீர்கள். 1965-க்குப் பிறகு கேட்பது நின்றதா? கேட்பவன் பதிலுக்காகக் கேட்கவில்லை.

பிரிகேடியர் உஸ்மானையும் இப்படித்தான் அழைத்து வருகிறோம். 1948 ஜூலை 3 அன்று ஜங்கரில், 36 வயது நிறையுமுன் வீழ்ந்தவர். டில்லி ஜாமியா மில்லியா அருகே அடக்கமானார். பிரதமர் நேரு இறுதிச் சடங்கிற்கு வந்தார். அந்தக் கபுறு சிதைந்து கிடக்கிறது என்று 2020-இல் செய்தி வந்தது, இராணுவம் சீரமைத்தது. டில்லிக்குச் சுற்றுலா சென்ற நம்மவர் ஜும்ஆ மஸ்ஜிதைப் பார்த்தனர். குதுப் மினாரைப் பார்த்தனர். உஸ்மானின் கபுறில் ஒரு பாத்திஹா ஓதியவர் எத்தனை பேர்?

தொலைவில் உள்ளவர்கள் இருக்கட்டும். என் வீட்டுக்கே வருகிறேன். என் பாட்டனாரின் தம்பி இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனவர். இன்று லாரித் தொழிலால் பெயர்பெற்ற இச்சமவெளியில், அன்று வண்டி ஓட்டத் தெரிந்த வாலிபனைப் பட்டாளம் விட்டுவைக்குமா? "காணவில்லை" என்ற தாள் மட்டும் வீட்டுக்கு வந்தது. ஹனபி மத்ஹபில் மையித்து முன்னில்லாமல் ஜனாஸாத் தொழுகை இல்லை. இறந்தார் என்ற உறுதி இல்லாமல் மனைவிக்கு இத்தாவும் இல்லை. நான்காண்டு கணவன் செய்தி தெரியாத பெண் மணவிலக்குக் கோர 1939-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருந்தது. ஆனால் அதை அந்தப் பெண்ணிடம் எடுத்துச் சொல்ல எவருமில்லை. "மையித்தை யார் பார்த்தாங்க?" என்றே கேட்டுக்கொண்டு அவர் முதுமை எய்தினார். அவர் வாழ்ந்த தெருவிலேதான் அப்துல் ஹமீதுக்கு ஆண்டுதோறும் கரவொலி எழுந்தது.

முதல் உலகப் போர்க்காலக் கல்வெட்டுகளைச் சில ஊர்களில் காணலாம். இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர் நீத்தோர் இத்தனை பேர் என்றிருக்கும். தொகை உண்டு, பெயர் இல்லை. ஈராக்கின் பஸ்ரா நினைவிடத்திலும் இந்தியச் சாதாரணச் சிப்பாய்கள் எண்ணாகவே பொறிக்கப்பட்டனர். அது அநீதி என்று 2021-இல் பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது. வெள்ளையன் மன்னிப்புக் கேட்டுவிட்டான், நாம்?

ஜமாஅத்துத் தலைவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிக்காஹ் பதிவுப் புத்தகத்தைப் பேணுவதுபோல், மஹல்லாவிலிருந்து படைக்குச் சென்று மீளாதோர்க்கும் ஓர் ஏடு திறவுங்கள். பெயர், தந்தை பெயர், தெரு, படையெண், படைப்பிரிவு, வீழ்ந்த இடம் ஆகியவை போதும். முதியவர்கள் மறைவதற்குள் கேட்டு எழுதுங்கள். மேசை தட்டும் நேரத்தில் பாதி போதுமே இதற்கு!

ரங்கூனுக்கு அருகே தாக்யானில் உள்ள நினைவிடத்தில், கபுறு அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களை இன்று இணையத்திலேயே தேடலாம். சென்ற ரமலானில் பேரனை அருகில் வைத்துக்கொண்டு என் சின்னப் பாட்டனாரைத் தேடினேன். அதே பெயரில் பலர் வந்தனர். அவருடைய படையெண்ணோ பிரிவோ எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. எது எங்களுடையவர் என்று அறிய இயலாமல், அத்தனை பேருக்கும் தனித்தனியே பாத்திஹா ஓதிவிட்டு எழுந்தோம்.