கல்லின் சான்றும் கட்டுக்கதையும்

உலகைப் படைத்தவன் ஒருவன் உளன் என நம்புவதும் நம்பாமையும் அவரவர் உள்ளத்தின் உரிமை. ஆயின், அந்நம்பிக்கைக்கு அறிவியல் என்று பெயர்சூட்டிப் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது அறிவுக்கொலையே ஆகும்.

அயர்லாந்துத் தலைமைக் கண்காணியார் உசர், 17ஆம் நூற்றாண்டில் விவிலியத் தலைமுறைகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்றார். அக்கணக்கை ஊத்துக்கோட்டை வட்டாரத்து மண்ணே பொய்யாக்கிவிட்டது. தார்வின் நூல் வெளிவந்த நான்காம் ஆண்டில், 1863 செப்டம்பரில், கொற்றலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கத்தில் நிலநூலறிஞர் புரூசு பூட்டும் வில்லியம் கிங்கும் பழங்கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே ஆழ அகழ்ந்தனர். புதைந்த கல்லில் விண்கதிரால் விளைந்த அணுக்கள் சிதைந்த அளவையும், மண்ணடுக்கில் பதிந்த காந்தத் திசையையும் ஆய்ந்து, அக்கைக்கோடரிகளின் அகவை ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டு என 2011-இல் வெளியிட்டனர். உசரின் உலகைப்போல் 250 மடங்கு முதுமை!

இச்சான்று காலடியில் கிடக்க, 2018-இல் நடுவண் இணையமைச்சர் சத்தியபால் சிங், குரங்கு மாந்தனானதை எவரும் கண்டதில்லை. தார்வின் கொள்கை தவறு. பாடநூல் மாறவேண்டும் என்றார். 2023-இல், சுமைக் குறைப்பு என்னும் பெயரால், நடுவண் பாடநூல் நிறுவனத்தின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலினின்று படிமலர்ச்சிப் பகுதி நீங்கியது. படைப்புக் கதைக்குக் கதவு திறப்பது இவ்வாறே.

உயிர்க்குக் கட்டிய கதையையே மொழிக்கும் கட்டினர். பாபேல் கோபுரத்தில் மொழிகள் பிரிந்தன என்பது ஒன்று. சிவன் உடுக்கையில் வடமொழி எழுத்துகள் பிறந்தன, அதுவே தேவமொழி, ஏனைய மொழிகட்குத் தாய் என்பது மற்றொன்று. இவற்றுள் பின்னதே தமிழைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியது. அதன் வேரை அறுத்தது மற்றொரு கதையன்று, சொல்லாராய்ச்சியே. 1816-இல் எல்லிசும், 1856-இல் கால்டுவெலும் வேர்ச்சொற்களை ஒப்பிட்டே தென்மொழிகள் தனிக்குடும்பம் என நாட்டினர். கால்டுவெல் சமயப் பணியாளர். ஆயினும் மொழியாய்வில் அவர் சான்றையே நம்பினார்.

தமிழன்பர் இங்கே விழிப்பாக இருத்தல் வேண்டும். அத்திரம்பாக்கக் கல்லைக் காட்டி, 15 இலக்கம் ஆண்டுக்கு முன்னரே தமிழ் பேசினர் என முழங்குவோர் உளர். இக்கால மாந்த இனத்தின் அகவையே ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுதான். கோடரி செய்தவர் வேறு மாந்தர். அவர் மொழியைக் கல் சொல்லவில்லை. சிவன் அகத்தியர்க்குத் தமிழ் அறிவுறுத்தினான் என்பதும், மூன்று கழகங்கள் 9,990 ஆண்டு நடந்தன என்னும் இறையனார் களவியல் உரைக் கணக்கும் இவ்வகையினவே. உடுக்கைக் கதையை மறுத்த வாயால் இவற்றை வரலாறு என்றால், எதிரிக்கு விடையிறுக்கும் தகுதி ஏது? ஒரு துலாக்கோல் இரு நிறை காட்டலாகாது.

பொய்ப்பெருமை தமிழுக்குத் தேவையுமன்று. உலகம் ஐம்பூதங்களின் கலப்பு என்றது தொல்காப்பியம். புல் முதல் மாந்தர் வரை உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்தது. அது தார்வினியம் அன்று. ஆயினும் கண்டு, எண்ணி, வகுக்கும் நெறி அது. கீழடிக் கரியும் கி.மு. 6ஆம் நூற்றாண்டைக் காட்டுவதாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. இவை மெய்யான செல்வங்கள்.

தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் மாணவரை அத்திரம்பாக்கத்திற்கும் பூண்டி அகழ்வைப்பகத்திற்கும் அழைத்துச் செல்க! கல்லைக் காட்டுக, கதையைக் கதையென்றே சொல்லுக! மெய்யறியும் தலைமுறையே மொழியைக் காக்கும்.