பாண்டியிலிருந்து ஜவ்வாது மலை: ஒரே நாளில் வேண்டாமே!

பாண்டியில் இருக்கிறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை வந்தா ஒரு நமைச்சல் வரும். பீச்சில் நடந்தாச்சு, ஆரோவில் பார்த்தாச்சு, மகாபலிபுரம் நாலு தடவை போயாச்சு. வேற எங்கயாவது போகணும். இப்பல்லாம் அந்த 'எங்கயாவது' ஜவ்வாது மலையா மாறிட்டு வருது. விடிகாலை வேன் ஏறினா ராத்திரி வீடு, நடுவுல ஆறேழு இடம்னு நோட்டீஸ் அடிச்சு ஆள் சேர்க்கிறாங்க. என் கட்சி சுருக்கமா இதுதான்: மலை அருமை, ஒரே நாளில் போறது வீண்.

கணக்கு போட்டுப் பாருங்க. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் போய்ச் சேர சுமார் 180 கிலோமீட்டர். கடைசி நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதையும் சேர்த்தது. டீக்கு நிறுத்தி, வாந்தி எடுக்கிற குழந்தைக்கு நிறுத்தி, நாலரை அஞ்சு மணி நேரம் ஆயிடும். திரும்பி வர அதே அளவு. அதாவது பத்து மணி நேரம் சீட்டுல உட்கார்ந்து, நாலு மணி நேரம் மலையில். அதுல பீமன் மடவு அருவி ஒண்ணு, சாப்பாடு ஒண்ணு, படகு ஒண்ணு. கோடையில போனா அருவியில பாறைதான் அதிகம் தெரியும். இருட்டுறதுக்குள்ள இறங்கணும்ங்கிற அவசரம் வேற. விடிகாலையிலிருந்து ஓட்டுற டிரைவர் அதே வளைவுகளில் சாயங்காலம் இறங்கணும், அப்புறம் செஞ்சி ரோட்டை ராத்திரியில ஓட்டணும். நோட்டீஸ்ல இதைப் பத்தி ஒரு வரி இருக்காது.

எனக்குப் பெரிய வருத்தம் காவலூர் விஷயத்தில்தான். வைணு பாப்பு 1960-களில் தேடித் தேடிப் பிடிச்ச இடம் அது. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகவே பிடிச்சது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட ஆரம்பிச்சாங்க. யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு 1977-ல் தெரிய வந்தப்போ அதைப் பதிவு செஞ்ச இடங்களில் காவலூரும் ஒண்ணு. நம்ம நாட்டிலேயே வடிவமைச்சுக் கட்டின 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டுச்சு. பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982-லேயே போயிட்டார். அப்படிப்பட்ட இடத்துக்கு மத்தியானம் மூணு மணிக்குப் போய் வெள்ளைக் கோபுரத்தை போட்டோ எடுத்துட்டு வர்றது, கச்சேரிக்குப் போய் மைக்செட்டைப் பார்த்துட்டு வர்ற மாதிரி. :-) அதுலயும் கூத்து என்னன்னா, பொதுமக்களை அனுமதிக்கிறது வழக்கமா சனிக்கிழமைதான். வேன் போறது ஞாயித்துக்கிழமை!

சரி, கையில ஒரு நாள்தான் இருக்குன்னா? மலைப் பாதையில பாதி வழியிலேயே செஞ்சி இருக்கே சாமி. பாண்டியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள்ள. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாவும் ஆக்கிட்டாங்க, மராட்டியர் கோட்டைகள் வரிசையில். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ராஜகிரி ஏறி இறங்குங்க, முட்டி சொல்லும் அது என்ன மலைன்னு. அதுவும் வேண்டாம்னா திருவக்கரை. ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரம் கல்லாக் கிடக்கு, பக்கத்துலயே செம்பியன் மாதேவி கட்டின கற்கோயில். அரை நாள் போதும். பாண்டிக்காரங்க பாதிப் பேர் இதைப் பார்த்ததே இல்லை, ஆனா ஜவ்வாது மலைக்கு வேன் ஏறுவாங்க.

ஒரு நாள் பயணத்துக்கு என் அளவுகோல் ரொம்ப எளிசு. உட்கார்ந்த நேரத்தை விட நடந்த நேரம் அதிகமா இருக்கணும். செஞ்சி பாஸ், திருவக்கரை பாஸ், ஜவ்வாது மலை பெயில்.

மலைக்குப் போகவே கூடாதுன்னு சொல்லலை. ஒரு ராத்திரி தங்குற மாதிரி போங்க. அங்கே இருக்கிற மலையாளி பழங்குடி மக்களுக்கும் அதுதான் லாபம். பாண்டியிலேயே புளிசாதம் கட்டி, தண்ணி பாட்டில் அள்ளிட்டுப் போற வேன் கூட்டம் அவங்ககிட்ட பத்து ரூபாய்க்கு வாங்குறதில்லை, குப்பையை மட்டும் அருவிக்கரையில விட்டுட்டு வருது. தங்கினா ரெண்டு வேளையாவது அங்கே சாப்பிடுவோம். வரும்போது சாமையும் தேனும் புளியும் வாங்கிட்டு வாங்க. சாமைக்குப் பேர்போன மலை அது.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கமும் பாருங்க. பௌர்ணமி ரெண்டு வகையில ஆகாது. கிரிவலக் கூட்டத்தில திருவண்ணாமலையைத் தாண்டவே உயிர் போயிடும், மேலே போனா நிலா வெளிச்சத்துல நட்சத்திரமும் மங்கிடும். ஐப்பசி கார்த்திகை மழை மேகமும் வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள, அமாவாசையை ஒட்டி வர்ற சனிக்கிழமை. காவலூருக்கு முன்கூட்டியே போன் பண்ணி அனுமதி உண்டான்னு கேட்டுக்கிட்டு, மத்தியானம் மலை ஏறுங்க. ஸ்வெட்டர் எடுத்துக்க மறந்துடாதீங்க, கடற்கரை உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது.