எல்லை தாண்டிப் படிக்கட்டும் நம் குழந்தைகள்!

மூலதனத்துக்கு எல்லை கிடையாது. சரக்குக்கு எல்லை கிடையாது. படிப்பில் மட்டும் தொழிலாளியின் குழந்தைக்கு எல்லை எதற்கு? இந்தக் கேள்வியைச் சென்னை கோடம்பாக்கத்தில் நின்று கேட்போம்.

நகரத்தின் கட்டணப் பள்ளிகள் பலவற்றில் ஒரு புது வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இங்குள்ள ஒரு வகுப்பும் வெளிநாட்டில் உள்ள ஒரு வகுப்பும் இணையத்தின் மூலம் கூட்டுச் சேருகின்றன. இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே வேலையை எடுத்துக்கொண்டு, ஆற்று நீரைச் சோதிக்கிறார்கள், கதை எழுதுகிறார்கள், கணக்கெடுக்கிறார்கள். முடிவில் இரு தரப்பும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரே அறிக்கையாக எழுதி முடிக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதே வட்டாரத்தில் கார்ப்பரேஷன் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் யார்? ஸ்டூடியோவில் விளக்குப் பிடிப்பவரின் மகன், செட் போடும் தச்சரின் மகள், வீட்டு வேலை செய்யும் அம்மாவின் பிள்ளை, ஆட்டோ ஓட்டுபவரின் பிள்ளை. இவர்களுடைய கால அட்டவணையில் அந்தக் கூட்டு வேலைக்கு இடம் எங்கே?

இது பணக்காரர் வீட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். இதன் வேர் ஏழைகளின் பள்ளியில் இருக்கிறது. 1920-களில் பிரான்சின் தெற்கே பார்-சுர்-லூ என்ற மலைக் கிராமத்தில் செலஸ்டின் பிரெனே என்ற உபாத்தியாயர் இருந்தார். முதல் உலக யுத்தத்தில் நுரையீரலில் காயம்பட்டவர்; நெடுநேரம் உரக்கப் பேச முடியாதவர்; கம்யூனிஸ்ட். வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். குழந்தைகள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதி, ஈய எழுத்துக்களைத் தாங்களே கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மேற்குக் கோடியில், பிரிட்டனி கடற்கரையில் இருந்த ஒரு பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கிருந்து அந்தக் குழந்தைகளின் தாள்கள் திரும்பி வந்தன. மலையும் கடலும் தபாலில் சந்தித்தன. பிறகு வேறொரு ஊரில் அவர் வேலை பார்த்தபோது வலதுசாரிகள் பொறுக்காமல் கிளர்ச்சி செய்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் சர்க்கார் பள்ளியை விட்டு அவர் விலக நேர்ந்தது. ஆனால் அவர் மூட்டிய தீ அணையவில்லை.

அடுத்த பெரிய அடி 1988-ல் வைக்கப்பட்டது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று அணு ஏவுகணைகளால் குறிபார்த்திருந்த காலம். அப்போது நியூயார்க் மாகாணத்தின் 12 பள்ளிகளும் மாஸ்கோவின் 12 பள்ளிகளும் கம்ப்யூட்டர் வழியாக இணைந்து பாடத்திட்ட வேலைகளைச் சேர்ந்து செய்தன. சோவியத் விஞ்ஞானக் கழகமும் அதற்குக் கை கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததே ஐயேர்ன் என்ற ஸ்தாபனம். இன்று அது 100-க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது. இந்தியாவும் அதில் உண்டு. யுத்த வெறியர்கள் பகைவன் என்று காட்டிய நாட்டில், தன்னைப் போலவே கணக்கில் தப்புச் செய்யும் ஒரு சிறுவன் இருக்கிறான் என்று ஒரு குழந்தை கண்டுகொள்வது சாதாரண விஷயமா?

இதில் கோவை ஆலைத் தொழிலாளிக்கும் தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கும் என்ன இருக்கிறது? 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் துணி தைத்த பெண்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டவுடன் திருப்பூர் பனியன் தொழிலாளியின் பிழைப்பு ஆட்டம் கண்டது. டாக்காவையும் திருப்பூரையும் கம்பெனிக்காரன் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான். அங்கே கூலி குறைந்தால் இங்கே மிரட்டுகிறான். இங்கே குறைந்தால் அங்கே மிரட்டுகிறான். இரண்டு ஊர்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் வரை அவனுக்குக் கொண்டாட்டம். அறிமுகம் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கினால்?

கூட்டு வேலை என்பது கோடம்பாக்கத்துக்குப் புதிதல்ல. வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் இங்கே திரைப்படத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டுவதில் தோளோடு தோள் நின்றார்கள். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தில் இயக்கம் அவருடையது, இசை இவருடையது. மொழி வேறு, ஊர் வேறு, வேலை ஒன்று. வேலைதான் அவர்களை இணைத்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? கம்பியும் திரையும் மட்டும் யாரையும் இணைத்துவிடாது. திரையில் கையசைத்து, வணக்கம் சொல்லி, போட்டோ எடுத்துச் சான்றிதழ் வாங்குவது கூட்டு வேலை ஆகாது. நீ பாதி செய்தால்தான் என் பாதி முடியும் என்ற நிலை வேண்டும். அதுவே ஐக்கியத்தின் முதல் பாடம்.

கருவி இல்லை என்று சர்க்கார் இனிச் சொல்ல முடியாது. 2011 முதல் பல ஆண்டுகள் மேல்நிலை மாணவருக்கு இலவச மடிக்கணினி வழங்கப்பட்டது. 6,000-க்கு மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. அந்தக் கருவிகள் பரீட்சைக்கும் பதிவேட்டுக்கும் மட்டும்தானா? 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது உண்மை வெளிப்பட்டது. வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆகவே இந்தப் படிப்பு வீட்டுக் கைப்பேசியை நம்பி நடக்கக் கூடாது. பள்ளி நேரத்தில், பள்ளிக் கருவியில் நடக்க வேண்டும்.

இங்கிலீஷ் தெரியாதே என்று சிலர் தயங்குவார்கள். இங்கிலீஷும் படிக்கட்டும். ஆனால் தொடங்குவதற்குத் தமிழே போதும்! மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பால் வெட்டிய காலத்தில் தோன்றியவை. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். கடிகாரமும் நமக்குச் சாதகம். இலங்கையில் நம் நேரமே. மலேசியா இரண்டரை மணி முந்தியது. கோடம்பாக்கத்தில் காலை 10 மணி என்றால் கோலாலம்பூரில் பகல் 12.30. இரண்டு பக்கமும் வகுப்பு நடக்கும் வேளை. நியூயார்க்கோடு அது முடியாது.

என்ன வேலை செய்வது? ஒரு கிலோ அரிசி வாங்க அம்மா எத்தனை நிமிஷம் உழைக்க வேண்டும்? கோடம்பாக்கத்தில் ஒரு வகுப்பு கணக்கெடுக்கட்டும். அட்டனில் ஒரு வகுப்பு கணக்கெடுக்கட்டும். மலையகத் தோழர்கள் 1,000 ரூபாய் நாட்கூலிக்காகப் பல ஆண்டு போராடி 2021-ல் பெற்றார்களே, அந்தக் கதையை அந்தக் குழந்தைகள் எழுதி அனுப்பட்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னைத் தெருக்களில் எந்த மட்டத்துக்கு வெள்ளம் நின்றது என்று நம் குழந்தைகள் அளந்து எழுதட்டும். அங்கே மண் சரிவைப் பற்றி அவர்கள் எழுதட்டும். இதில் கணக்கு உண்டு, பூகோளம் உண்டு, சரித்திரம் உண்டு, மொழியும் உண்டு. நம் பிள்ளைகள் வெறுங்கையோடு போகவில்லை. உழைப்பாளி வீட்டு அனுபவம் என்ற பெரும் செல்வத்தோடு போகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இலவசம் என்று கதவைத் தட்டும் கம்பெனிகள் குழந்தைகளின் பெயரையும் படத்தையும் சரக்காக்கிவிடக் கூடாது. பெற்றோர் சம்மதமின்றி ஒரு புகைப்படமும் வெளியே போகலாகாது.

சென்னை மாநகராட்சியிடமும் பள்ளிக் கல்வித் துறையிடமும் நாம் கேட்பவை இவை:

ஒவ்வொரு கார்ப்பரேஷன், அரசுப் பள்ளியிலும் வாரம் ஒரு பீரியட் சர்வதேசக் கூட்டு வேலைக்கு ஒதுக்கு!

அதைச் சொந்த நேரத்தில், சொந்தக் காசில் செய்யும்படி உபாத்தியாயர் தலையில் கட்டாதே! பயிற்சி கொடு, பதிவேட்டு வேலையைக் குறை!

மலேசிய, இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளோடு முதல் உடன்பாட்டைச் செய்!

பெற்றோர்களே! உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூலி வேலை முடித்த களைப்போடு போனாலும், இந்த மூன்றையும் வாய் திறந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கட்டணப் பள்ளிப் பிள்ளைக்குத் திறந்த ஜன்னல் கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைக்கும் திறந்தே தீர வேண்டும்!