கற்றாழையில் வெள்ளைப் பஞ்சு

ஆகஸ்ட் கடைசியில் ஊரிலிருந்து திரும்புகிற எல்லா வீடுகளிலும் வேலைகள் ஒரே வரிசையில்தான் நடக்கும். ஏசியைப் போடுவது, ஃபிரிட்ஜைத் துடைப்பது, பிள்ளைகளின் யூனிஃபார்மைத் தேடுவது. செடிகள் ஞாபகத்துக்கு வருவது மறுநாள்தான். "சக்குலண்ட்தானே, தண்ணி இல்லாம தாங்கும்" என்று விட்டுப் போனோம். அது தாங்கியும் இருக்கும். ஆனால் இலை இடுக்கில் பஞ்சைப் பிய்த்து வைத்தது மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். பக்கத்திலேயே எறும்பு வரிசை.

அதுதான் மாவுப்பூச்சி. புஜைராவில் கற்றாழை, ஜேட், அடினியம் வளர்க்கிறவர்கள் அதிகம் கேட்கிற கேள்வியும் இதைப் பற்றித்தான்: "எந்த மருந்து அடிக்கலாம்?" மருந்துக்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துவிடுவோம்.

சோற்றுக்கற்றாழைக்குச் சொந்த ஊர் எது தெரியுமா? ஓமானிலிருந்து புஜைரா வரை நீள்கிற ஹஜர் மலைப்பகுதிதான் என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். நம் பால்கனியிலிருந்து தெரிகிற அதே மலை! அங்கே கல் இடுக்கில், வெயிலிலும் காற்றிலும், எப்போதோ பெய்கிற மழையில் வளர்ந்த செடி அது. அதைக் கொண்டுவந்து ஏசி அறையில், காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்து, பாசத்தில் இரண்டு நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்றி உரமும் போடுகிறோம். இலை கொழுகொழுவென்று இளசாகிறது. சாறு குடிக்கிற பூச்சிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

பூச்சியின் பிழைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். பெண் பூச்சிக்கு இறக்கை இல்லை. பஞ்சு மாதிரி ஒரு பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அவைதான் ஊர்ந்து அடுத்த இலைக்கும் அடுத்த தொட்டிக்கும் போகும். வளர்ந்த பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மேலோட்டமாக அடிக்கிற ஸ்பிரே வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். பூச்சி வெளியேற்றும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும்.

ஒரு தடவை அடித்துப் போகாதபோதுதான் மனசு "ஸ்ட்ராங்கா ஏதாவது வேணும்" என்று தேட ஆரம்பிக்கும். ஆபத்து இங்கேதான். மூட்டைப்பூச்சிக்கு என்று சிலர் ரகசியமாகக் கைமாற்றிக்கொள்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தானியக் கிடங்குகளுக்கான மருந்து. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். சுவர் விரிசல், குழாய்ப் பொந்து, ஏசி டக்ட் வழியாகப் பக்கத்து ஃபிளாட்டுக்கும் போகும். முறிவு மருந்தே கிடையாது. அமீரகத்தில் வீடுகளில் இதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. அப்படியும், அடுத்த வீட்டில் வைத்த மாத்திரையால் குழந்தைகள் இறந்துபோன செய்திகள் இந்த நாட்டில் ஒரு தடவைக்கு மேல் வந்திருக்கின்றன. செடிக்கோ மூட்டைப்பூச்சிக்கோ, லேபிள் இல்லாத எந்த மருந்தும் வீட்டுக்குள் வரவே கூடாது. வேருக்கு ஊற்றினால் செடி முழுக்கப் பரவுகிற இமிடாக்ளோப்ரிட் மாதிரி மருந்துகளும் கற்றாழைக்கு வேண்டாம். தலைக்குத் தேய்க்கவும் ஜூஸ் போடவும் அதே இலையைத்தானே வெட்டுகிறோம்?

நம்ம ஊர்க் கதை ஒன்று இதற்குப் பொருத்தமாக இருக்கும். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புதிதாகத் தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி அது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது. விவசாயிகள் திரும்பத் திரும்ப மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் அந்தப் பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கிற மிகச் சிறிய குளவி இனங்களைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். பெங்களூரில் ஆய்வு செய்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாகத் தோட்டங்களில் விட்டார்கள். மருந்துக்கு அடங்காததை அந்தக் குளவி அடக்கியது.

நம் பதினாலாவது மாடி ஃபிளாட்டுக்குக் குளவி வராது. அதனால் அந்த வேலையை நம் விரல்தான் செய்யணும். பொறுமை இருந்தால் போதும்.

முதலில் அந்தத் தொட்டியை மற்ற செடிகளிலிருந்து பிரித்து வேறு இடத்தில் வையுங்கள். கூட இருந்த தொட்டிகளையும் ஒவ்வொரு இலை இடுக்காகப் பாருங்கள்.

ஃபார்மஸியில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் காது பட்ஸை நனைத்து, வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் எல்லாம் தொட்டுத் துடையுங்கள். மெழுகு கரைந்து பூச்சி பழுப்பாகிவிடும். முதலில் ஒரே ஒரு இலையில் தொட்டு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சில செடிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல், சாயங்காலம் செய்வது நல்லது.

முட்டைக்கு இது முழுசாக எட்டாது. அதனால் வாரம் ஒரு தடவை, குறைந்தது நாலு வாரம். பெரும்பாலானவர்கள் இரண்டாவது வாரத்தோடு விட்டுவிடுகிறார்கள். மிச்சம் இருந்த முட்டை பொரித்ததும் "மறுபடியும் வந்துடுச்சு" என்பார்கள். அது போகவே இல்லை என்பதுதான் உண்மை.

வேப்பெண்ணெயும் உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலப்பதற்கு மட்டும் சில சொட்டு மைல்டான சோப்பு. வெயில் இறங்கிய பிறகு அடித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். எண்ணெய்ப் பசையோடு இங்கத்த வெயில் பட்டால் இலை வெந்துவிடும். எச்செவேரியா மாதிரி இலையில் சாம்பல் படிந்தது போல இருக்கிற செடிகளுக்கு எண்ணெய் வேண்டாம். அந்தப் பூச்சு போனால் அதே இலையில் திரும்ப வராது.

மேலே சுத்தமாக இருந்தும் செடி வாடினால் வேரைப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உள்பக்கத்திலும் வெள்ளைத் தூள் இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். அடுத்த தொட்டிக்கு மாற்றாதீர்கள். எறும்பு வருகிற வழியையும் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். காவல் போனால் பாதி பலம் போயிடும்.

செடி முழுக்க வெள்ளையாகிவிட்டால், சுத்தமான ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டித் தூக்கிப் போடுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான். ஒன்றைக் காப்பாற்றப் போய் பத்தை இழக்க வேண்டாமே.

மசாஃபி ஃபிரைடே மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தி ஒரு தொட்டி வாங்காமல் வருகிறவர்கள் குறைவு. தாராளமாக வாங்குங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்கி, மூன்று வாரம் தனியாக வைத்துவிட்டு மற்ற செடிகளோடு சேருங்கள். அம்மா வீட்டுக் கற்றாழைக் கன்றை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். ஏர்போர்ட் விதி ஒரு பக்கம் இருக்கட்டும், கோயம்புத்தூருக்கு வந்த மாதிரி ஒரு பூச்சி செடியோடு சேர்ந்து புது ஊருக்குக் குடி வந்துவிடக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கல்மனசு வேணும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுங்கள். ஹஜர் மலையில் அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை.