ஆடுகிற பல் எல்லாம் விழுகிற பல் அல்ல



பல் ஒன்று ஆடத் தொடங்கினால், "வயதாகிவிட்டது, இனி விழவேண்டியதுதான்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறவர்கள் அநேகர். வேறு சிலர், "விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இவ்விரண்டினாலும், காப்பாற்றக்கூடிய பல்லையும் நாம் இழந்துவிடுகிறோம்.

ஆரோக்கியமான பல்லும் மிகச் சிறிதளவு அசையும் என்பதை முதலாவது அறிந்துகொள்ளுங்கள். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு உண்டு. மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தை அதுவே தாங்குகிறது. அந்த இயல்பான அசைவு கண்ணுக்குத் தெரியாது.

அதற்கு மேற்பட்ட ஆட்டத்தை அறிய, மருத்துவர் இரண்டு உலோகக் கருவிகளின் பிடிகளைப் பல்லின் முன்னும் பின்னும் வைத்து மெதுவாக அசைத்துப் பார்ப்பார். 1950-இல் மில்லர் என்பவர் வகுத்த முறையைத் தழுவி, ஆட்டத்தை மூன்று நிலைகளாகக் குறிப்பது வழக்கம். இயல்பைவிடச் சற்றே அதிகமாக அசைந்தால் முதல் நிலை. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரை அசைந்தால் இரண்டாம் நிலை. அதற்கு மேல் அசைந்தாலோ, அழுத்தும்போது குழிக்குள் இறங்கினாலோ மூன்றாம் நிலை.

நிலையை மட்டும் வைத்துப் பல்லைப் பிடுங்குவதில்லை. காரணம் என்ன, எலும்பு எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே மூலமாகவும் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு முக்கிய காரணம் ஈறு நோயே. பல்லில் படியும் அழுக்கு காரையாக இறுகி, ஈறு வீங்கி, உள்ளிருக்கும் எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலி இராது. புகையிலையும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் இதைத் தீவிரப்படுத்தும். அடிபடுதல், உறக்கத்தில் பல்லைக் கடித்தல் ஆகியவையும் காரணமாகலாம்.

தொடக்கத்திலேயே சென்றால், காரையை அகற்றிச் சுத்தம்செய்வதே பல வேளைகளில் போதுமானது. தேவைப்பட்டால் ஆடும் பல்லை அடுத்த பற்களோடு இணைத்துக் கட்டுவார்கள். சுத்தம்செய்தால் பல் ஆடும் என்று அஞ்சவேண்டாம். காரை மறைத்திருந்த ஆட்டமே அப்போது வெளிப்படுகிறது. மூன்றாம் நிலையிலோ, பல்லைக் காப்பது பெரும்பாலும் கடினம்.

ஆகையால், துலக்கும்போது இரத்தம் கசிந்தாலோ, வாய் நாற்றம் நீடித்தாலோ, பல் சற்றே அசைந்தாலோ, நீங்கள் வசிக்கும் நகரத்திலேயே பல் மருத்துவரை உடனே காணுங்கள். அடிபட்டு ஆடும் பல்லுக்கு அன்றைக்கே சிகிச்சை தேவை. அதுவரை, ஆடுகிற பல்லை விரலாலோ நாவினாலோ அசைத்துக்கொண்டிராதீர்கள்.