பூட்டிய அலமாரியும் நான்கு தீக்குச்சிகளும்

'நாளைக்கு சயின்ஸ் ப்ராஜெக்ட் கொண்டு போகணும்' என்று பிள்ளை சொன்னதும், பல வீடுகளில் முதலில் திறப்பது பர்ஸைத்தான். ஸ்டேஷனரி கடையில் ரெடிமேட் எரிமலை, தெர்மாகோல் சூரியக் குடும்பம் எல்லாம் கிடைக்கின்றன. ராத்திரி அம்மா ஒட்டுவார், அப்பா பெயர் எழுதுவார். மறுநாள் அதைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போவது மட்டும்தான் பிள்ளையின் வேலை.

பள்ளியிலும் கதை ஏறக்குறைய இதுதான். ஆய்வுக்கூட அலமாரியில் சாமான்கள் இருக்கும், கூடவே பூட்டும் இருக்கும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு லென்ஸ் உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தானே!

ஹோஷங்காபாத்தில் திறந்த பூட்டு

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1972-ல், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. ஆசிரியர் செய்துகாட்ட, பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பது அங்கே கிடையாது. நான்கு நான்கு பேராக உட்கார்ந்து மாணவர்களே சோதனை செய்தார்கள். தேர்வைப் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம்.

இந்தத் திட்டத்தில் வேலை செய்ய, 1978-ல் புனேயிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தார் ஓர் இளம் பொறியாளர். ஐ.ஐ.டி கான்பூரில் படித்து, டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா. கிராமத்துச் சந்தையில் கிடைப்பதை வைத்தே என்னென்ன செய்யலாம் என்று தேடியவருக்கு, சைக்கிள் வால்வ் டியூபும் தீக்குச்சியும் கண்ணில் பட்டன. அங்கிருந்துதான் அவருடைய 'குப்பையிலிருந்து பொம்மைகள்' பிறந்தன. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

சைக்கிள் கடையில் 'வால் டியூப்' என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். மெழுகுக்குச்சி வேண்டாம், மரத் தீக்குச்சிதான் சரி. குச்சியின் மருந்தைப் பெரியவர்கள் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, காயவைத்துக் கொடுங்கள்.

ஒரு துண்டின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு தயார். இப்படி மூன்று குச்சிகளைச் சேர்த்து ஒரு முக்கோணம், நான்கு குச்சிகளைச் சேர்த்து ஒரு சதுரம் செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் ஓரத்தில் லேசாகத் தள்ளிப் பார்க்கட்டும்.

சதுரம் உடனே சாய்ந்து டைமண்ட் வடிவமாகிவிடும். முக்கோணம் அசையாது. நான்கு பக்கங்களின் நீளம் மாறாமலே சதுரத்தின் கோணங்கள் மாறலாம். முக்கோணத்தில் பக்கத்தின் நீளத்தை மாற்றாமல் கோணத்தை மாற்ற முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

இப்போது சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் ஊசியால் துளையிட்டு, அளவாக ஒடித்த ஈர்க்குச்சி ஒன்றைக் குறுக்கே செருகச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிடும். சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டதே!

அதன் பிறகு பிள்ளையை வெளியே கூட்டிப்போங்கள். உயர் அழுத்த மின்கோபுரம், ரயில் பாலம், இரும்பு கேட்டில் குறுக்காக வைத்த பட்டை, ஆடுகிற பெஞ்சுக்கு ஆசாரி அடித்த குறுக்குச் சட்டம்... எத்தனை முக்கோணங்கள் என்று பிள்ளையே எண்ணிச் சொல்லும்.

காசு மட்டும் காரணமில்லை

இதெல்லாம் மலிவு என்பதால் மட்டும் நல்லது என்று நான் சொல்லவில்லை. தீக்குச்சி ஒடிந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். இன்னொன்றை எடுத்து மறுபடி செய்யலாம். தப்பாகச் செய்து, ஏன் தப்பு என்று யோசித்து, திருத்துகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் அறிவியல் நடக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கிட்டை 'ஜாக்கிரதை, உடைச்சிடாதே' என்று சொல்லிக் கொடுத்தால், அந்த ஐந்து நிமிடத்தைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம்.

சுமார் ஆயிரம் பள்ளிகள்வரை வளர்ந்த ஹோஷங்காபாத் திட்டத்தை 2002-ல் அரசு நிறுத்திவிட்டது. நல்ல திட்டங்களும் ஓர் உத்தரவில் முடிந்துபோகலாம். ஆனால், பொம்மைகள் மிஞ்சியிருக்கின்றன. அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் புத்தகங்களும், தமிழ் உட்படப் பல மொழிகளில் சின்னச் சின்ன வீடியோக்களும் இலவசமாகவே இருக்கின்றன. 'அரவிந்த் குப்தா டாய்ஸ்' என்று தேடினால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. நாற்பது பேர் வகுப்பென்றால் பத்துக் குழு. இரண்டு தீப்பெட்டி, மூன்று முழம் வால் டியூப் போதும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டியது எதுவும் இல்லை.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சதுரம் ஏன் சாய்ந்தது என்று பிள்ளை கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். 'நீ என்ன நினைக்கிறே?' என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்த குச்சி எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்கள்.