கடைக் குப்பை எங்கே போகிறது?

மும்பை நகரில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பை 6,000 டன்னுக்கு மேல். வீட்டுக் குப்பையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கட்டடத்துக்குக் கட்டடம் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. கடைக் குப்பையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இதில் நமக்குச் சம்பந்தம் உண்டு. மாதுங்கா ஓட்டல்கள், செம்பூர் மளிகைக் கடைகள், தாராவி இட்லி வியாபாரம், ரயில் நிலைய வாசல்களில் உள்ள வடைக்கடைகள் என்று தமிழர் கை படாத கடைத்தெரு இந்நகரில் குறைவு.

இரவு கடை அடைக்கும் நேரத்தில் நடப்பதை வாசகர்கள் அறிவார்கள். மிஞ்சிய சாம்பார், வாழை இலை, தேங்காய் ஓடு, பால் கவர், அட்டைப் பெட்டி, எண்ணெய் டின் எல்லாம் ஒரே கோணியில் போகின்றன. காலையில் மாநகராட்சி லாரி வருகிறது. கோணி போனதோடு கவலையும் போயிற்று என்று நினைக்கிறோம்.

அந்தக் கோணியில் பாதி குப்பையே அல்ல, சரக்கு. அட்டை காய்ந்திருந்தால் பங்கார்வாலா தேடி வந்து எடை போட்டு வாங்குவார். அதே அட்டையில் சாம்பார் பட்டுவிட்டால் தொடவும் மாட்டார். ராத்திரி ஐந்து நிமிஷச் சோம்பலில் காசு குப்பையாகிறது.

இப்படி வாங்கும் சரக்கில் பெரும்பகுதி கடைசியாகப் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று தாராவியின் 13-ம் காம்பவுண்டு. அங்கே என்ன நடக்கிறது என்பது தாராவியில் குடியிருக்கும் நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கை ரகம் ரகமாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. இதற்குப் படிப்பு இல்லை, மெஷின் இல்லை. நகத்தால் கீறுவார்கள், வளைத்துப் பார்ப்பார்கள், சில சமயம் கொளுத்தி மணம் பார்ப்பார்கள். தண்ணீரில் மிதப்பது ஒரு ரகம், மூழ்குவது ஒரு ரகம். பிரித்ததை அரைத்து, கழுவி, கூரை மேல் காயவைத்து, உருக்கி, நூலாக இழுத்துத் துண்டு துண்டாக வெட்டினால் அது "தானா". அந்தத் தானாதான் மறுபடி வாளியாகவும் குவளையாகவும் கடைக்கு வருகிறது. 15 கிலோ எண்ணெய் டின்னை வெந்நீரில் கழுவி, நெளிசலைத் தட்டி நிமிர்த்தி மீண்டும் விற்பார்கள். அட்டைப் பெட்டியை, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி மடித்துப் பின் அடிப்பார்கள். பெரிய ஓட்டல்களில் மிஞ்சும் சோப்புத் துண்டுகளுக்குக்கூட அங்கே வழி உண்டு.

எல்லாவற்றுக்கும் வழி உண்டு என்று சொல்ல முடியாது. டீக்கடைக் காகிதக் கப்பைக் காகிதம் என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பங்கார்வாலா அதைச் சீந்துவதில்லை. (2004-ல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் நிலையங்களில் மண் குவளையைக் கொண்டுவந்தார். அது நிலைத்திருந்தால் தண்டவாளங்களாவது தப்பித்திருக்கும்.) சாம்பார் பார்சல் கட்டும் மெல்லிய பைக்கும் விலை கிடையாது. 2018 ஜூன் 23 முதல் மகாராஷ்டிரத்தில் அத்தகைய பைகளுக்குத் தடை வந்தும், நம் கடைகள் சிலவற்றில் அது கல்லாவுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

பிரிக்காத குப்பை போகுமிடம் தேவ்னாரும் காஞ்சூர்மார்க்கும். தேவ்னார்க் குப்பைமேடு 1927-ல் தொடங்கியது. 2016 ஜனவரிக் கடைசியில் அது தீப்பிடித்து எரிந்தபோது, புகையின் காரணமாக அந்தப் பகுதியில் பள்ளிகளையே மூட வேண்டி வந்தது. கோவண்டியிலும் மான்கூர்டிலும் இருமிக் கிடந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்த விதிகள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனியாகக் குறிப்பிட்டுப் பொறுப்புச் சுமத்தின. 2017-ல் மும்பை மாநகராட்சியும் பெரிய கட்டடங்கள், ஓட்டல்கள் தங்கள் ஈரக் குப்பையைத் தாங்களே உரமாக்க வேண்டும் என்று நெருக்கியது. நம் கடைகளில் பெரும்பாலானவை 100 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆகவே நமக்கில்லை என்று இருந்துவிடுகிறோம். அதே 2016 விதிகள், தெருவோர வியாபாரியும் மிச்ச உணவுக்கும் தட்டு கப்புகளுக்கும் பாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதை யாரும் நமக்குப் படித்துக் காட்டவில்லை.

வடைக்கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கறுத்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும், அடுத்த நாள் புது எண்ணெயோடு கலப்பதும் வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்ட எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை 2018 ஜூலை முதல் வரம்பு கட்டியது. பழைய எண்ணெயை வாங்கி டீசலுக்கு மாற்றாக எரிபொருள் செய்யும் ஏற்பாட்டையும் அதே ஆண்டு தொடங்கியது. ஒரு கடையின் எண்ணெய்க்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். ஒரு சந்தில் பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு பீப்பாய் வைத்தால் அனுப்புவார்கள்.

"பத்துக்குப் பத்துக் கடையில் இதற்கெல்லாம் இடம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் காய்ந்த சரக்குக்குச் சுவரில் ஓர் ஆணியும் கோணியும், ஈரத்துக்கு மூடி போட்ட வாளியும் போதும். தேங்காய் ஓட்டை ஈரத்தில் போடாமல் தனியே குவித்தால் அதற்கும் ஆள் உண்டு.

கடைக்காரர் பிரித்துக் கொடுத்தாலும், வாங்க ஆள் இருக்க வேண்டுமே! கவலை அங்கேதான். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன் இருந்தவருக்கு ஒரு கணக்கு, பின்னால் வந்தவருக்கு வேறு கணக்கு. தாராவிக்குள் இடம் கிடைக்காதவர்களுக்காக, தேவ்னார்க் குப்பைமேட்டு நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்க மாநில அரசு 2024-ல் முடிவு செய்தது. தேவ்னாருக்குப் போகவிருந்த குப்பையை நாள்தோறும் தடுத்து நிறுத்தியவர்களில் எத்தனை பேர் அந்தத் தேவ்னாருக்கே அனுப்பப்படுவார்களோ!

தொழிலை இப்போதுள்ளபடியே விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. புகை, கெட்ட காற்று, கையுறை இல்லாத கைகள், சாக்கடையில் கலக்கும் கழுவிய தண்ணீர் எல்லாம் உண்மை. அதற்காகக் கிடங்கையே அப்புறப்படுத்தினால் நகரம் சுத்தமாகாது. சரக்கு முழுவதும் லாரியில் ஏறும். தண்ணீர், வடிகால், மின்சாரம், காற்றோட்டம் உள்ள கொட்டகைகளைத் திட்டத்துக்குள்ளேயே கட்டித்தர வேண்டும். அடுக்குமாடியின் ஆறாவது மாடியில் பிளாஸ்டிக் கழுவ முடியாது என்பது வரைபடம் போடுகிறவர்களுக்குத் தெரியாதா?

வழி தெரியவில்லை என்றால் மாநகராட்சி பூனாவுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கலாம். அங்கே குப்பை பொறுக்குவோரின் "ஸ்வச்" கூட்டுறவுச் சங்கம் 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடு வீடாகவும் கடை கடையாகவும் குப்பை எடுக்கத் தொடங்கியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். கட்டணம் மாதாமாதம் அவர்கள் கைக்கு வருகிறது. காய்ந்த சரக்கை விற்ற காசும் அவர்களுக்கே. மும்பைக் கடைத்தெருக்களில் இதை ஒரு வார்டில் தொடங்கினாலும் போதும்.

தாராவியிலுள்ள தமிழ் அமைப்புகள் வீட்டுக் கணக்குக்காக அதிகாரிகளிடம் நடையாய் நடக்கின்றன. அடுத்த முறை போகும்போது, கணக்கில் விடுபட்ட கிடங்குகளின் பட்டியலையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே வேலை செய்வோர் தமிழரா, உத்தரப் பிரதேசத்தாரா, பீகாரிகளா என்று பாராமல் எல்லாக் கிடங்குகளையும் அதில் சேர்க்க வேண்டும்.